சின்ன எழுத்து எல்லப்பன் இன்னும் வரவில்லை

குடியமர்வு வாரியத்துக்குக் கணிப்பொறி வந்த வாரம் குன்னூரில் அந்த ஆபீசில் மூன்று பேருக்குச் சளி பிடித்தது. கணிப்பொறியைக் குளிர்ச்சியான அறையில் வைக்க வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அது மார்கழி மாதம். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் போதும், மலை அந்த வேலையைச் சும்மாவே செய்து கொடுத்திருக்கும். ஆனால் புத்தகத்தில் ஜன்னலைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஏசி என்றுதான் இருந்தது. ஏசி வாங்கினார்கள். அந்தக் குளிர் சுவரைத் தாண்டி வந்து பக்கத்து அறையில் தனி அலுவலர் லிங்கசாமியின் முழங்காலைப் பிடித்தது. அவருக்கு ஒரு ஹீட்டர் வாங்கினார்கள். ஹீட்டரின் சூடு சுவரைத் தாண்டிப் போய்க் கணிப்பொறியைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவதாக ஒரு ஏசி வாங்கினார்கள். இவ்வளவும் ஆன பிறகு, சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வீடு கொடுப்பதற்காகத்தான் வாரியம் என்று ஒன்று இருக்கிறது என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.

வீடெல்லாம் தயாராகத்தான் இருந்தது. கோத்தகிரி போகிற பாதையில் வெள்ளைப்பாறை எஸ்டேட்டின் மேல்சரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டி, சுண்ணாம்படித்து, நம்பர் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த வீடுகளுக்கு உரியவர்கள் ஒரு மைல் கீழே, மூடிக்கிடந்த பழைய பேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடியில், சாக்குப் படுதாவைக் கட்டித் தொங்கவிட்டுக் குடும்பத்துக்கு எட்டடி என்று பிரித்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் குடியிருந்தார்கள். ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் எல்லா வீட்டிலும் நூறு வயசு என்று வாழ்த்துவார்கள்.

எல்லப்பனும் தெய்வம்மாவும் அந்த மாடியில் வடக்கு மூலையில் இருந்தார்கள். இருவருமே ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவன் தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன், அவள் கொழுந்து பறிப்பதிலும் பேச்சிலும் கெட்டிக்காரி. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று மலையேறி வந்தவர்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, இந்த மாடிக்கு வந்த பிறகு தெய்வம்மாவுக்கு வயிற்றில் தங்கியிருந்தது. அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளை சாக்குக்குப் பின்னால் பிறக்கக் கூடாது, நாலு சுவருக்கு நடுவில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே பிறக்க வேண்டும். நியாயமான ஆசைதான் என்று எல்லப்பனும் நினைத்தான்.

தை மாதம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு குன்னூருக்குப் போனான். வெளியிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கணிப்பொறி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, மஞ்சள் துணி பாதி மூடி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் வேலாமணி. கோயம்புத்தூர்ப் பெண். இந்த மெஷினோடு பேசத் தெரிந்தவள் வாரியத்தில் அவள் ஒருத்திதான். அதனால்தானோ என்னவோ, அவளோடு யாரும் பேசுவதில்லை.

அவள் அட்டையைப் பார்த்துத் தட்டினாள். கணிப்பொறி கொஞ்ச நேரம் யோசித்து ஒரு தாளைத் துப்பியது. வேலாமணி அதைப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். எல்லப்பன் என்பவருக்குப் பதினாலாம் நம்பர் வீடு ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் அவர் இன்னும் சிலோனிலிருந்து வந்து சேரவில்லை. எல்லப்பன் என்ற இன்னொருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கு வீடு ஏதும் இல்லை.

"இன்னொருத்தர் யாருங்கம்மா?" என்றான் எல்லப்பன்.

"நீங்கதானுங்க. அந்த மொதல் ஆளும் நீங்கதானுங்க" என்றாள் வேலாமணி.

பிறகு அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயற்சி செய்தாள். ஆபீஸில் எழுதிய புரோகிராமுக்கு ஆங்கிலத்தில் பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்கிற வித்தியாசம் தெரியாது. எப்படித் தட்டினாலும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கித்தான் வெளியே அனுப்பும். குடும்ப விவரங்களை வைத்திருக்கிற தொகுப்போ வெளிநாட்டுக்காரர்கள் வேறொரு மொழியில் எழுதி உதவியாகக் கொடுத்தது. அதற்குள் ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயரிலும் ஒரு பெட்டி. அதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அக்கரையில், சிலோனில், அட்டை அடித்தவர்கள் எல்லப்பன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து, மற்றதைச் சின்னதாக அடித்திருந்தார்கள். அந்தப் பெயரில்தான் பெட்டியும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. அவன் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்த செய்தியை ஆபீஸ் புரோகிராம் பெரிய எழுத்தில் அனுப்பியது. அந்தப் பெயரில் பெட்டி இல்லையே என்று தொகுப்பு மரியாதையாகப் புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து அதில் போட்டுக்கொண்டது.

எல்லப்பன் சற்று யோசித்தான். பிறகு கணிப்பொறிக்குப் பக்கத்தில் குனிந்து, தன் பெயரை எவ்வளவு சின்னதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சின்னதாகச் சொல்லிப் பார்த்தான். வேலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. இது ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகிற சங்கதி, இங்கே இப்படிக் கூப்பிடுகிற ஆள் அங்கே இப்படி இருக்கிற ஆள்தான் என்று இரண்டுக்கும் நடுவில் எழுதி வைத்தால் போதும், ஆனால் அதற்குத் தனி அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

தனி அலுவலர் லிங்கசாமி கெட்டவர் இல்லை. யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார், உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்புவார். எல்லப்பனையும் உட்கார வைத்தார்.

"ஏம்ப்பா, கணிப்பொறி பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்" என்றார். "இருபத்தாறு வருசமா நானு எந்த மனுசனையும் நம்பாமத்தான் சர்வீஸ் பண்ணியிருக்கறேன். இப்பத்தான் நம்பறதுக்குன்னு ஒண்ணு வந்து சேர்ந்திருக்குது. அதப் போயி மாத்தச் சொன்னா எப்படிப்பா?"

எல்லப்பன் தன் அட்டையில் இருந்த படத்தைக் காட்டினான். படம் அவனைப் போலவே இருப்பதை லிங்கசாமி ஒத்துக்கொண்டார். ஆனால் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கத்தை வாரியம் மார்கழியோடு விட்டுவிட்டது என்றார். எல்லப்பன் தமிழில் கையெழுத்துப் போட்டுக் காட்டினான், நம் பாஷையில் எல்லா எழுத்தும் ஒரே அளவுதானே ஐயா என்றான்.

"அது தமிழ்ல ஒரு கொறைதாம்ப்பா" என்றார் லிங்கசாமி வருத்தத்தோடு. "பெருசு சிறுசுன்னு எழுத்துல இல்லாமப் போச்சு. ஆபீஸ்ல நாங்கதான் அதச் சரிக்கட்டிட்டு இருக்கறோம்."

இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களில் முப்பதுக்கு மட்டும் வீடு கிடைத்தது. அக்கரையில் ஒரு தட்டச்சு மெஷினில் பெரிய எழுத்துச் சாவி இறங்கியபடியே மாட்டிக்கொண்டு விட்டதாம். அந்த மெஷினில் அட்டை அடிக்கப்பட்ட முப்பது குடும்பமும் வந்து சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். மற்ற நூற்றெண்பத்திரண்டு குடும்பங்களும் இன்னும் கப்பலேறவில்லை என்று வாரியம் மேலிடத்துக்கு எழுதியது. கப்பல் நின்று போய் இரண்டு வருஷமாகிறதே என்று மேலிடம் கேட்டது. அதனால்தான் தாமதம் என்று வாரியம் பதில் எழுதியது.

மாசி மாதம் ஒரு புதுக் கவலை வந்தது. நூற்றெண்பத்திரண்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, உரியவர்கள் வருவதற்குள் யாராவது கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போய்விட்டால்? வீட்டுக்கு ஒரு காவலாள் போடுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு எங்கே போவது என்று தேடியபோது, வந்து சேர்ந்தும் வீடில்லாதவர்கள் நூற்றெண்பத்திரண்டு பேர் கணிப்பொறியில் தயாராக இருந்தார்கள். கணக்கு இவ்வளவு சரியாகப் பொருந்தியதைப் பார்த்து லிங்கசாமி கணிப்பொறிக்கு ஒரு முழம் சாமந்தி வாங்கிப் போட்டார். வரிசைப்படி நியமித்ததில், பதினாலாம் நம்பர் வீட்டுக்குக் காவலாக எல்லப்பனே வந்தான்.

காவலாள் குடும்பத்தோடு முன்தாழ்வாரத்தில் தங்கிக்கொள்ளலாம், பூட்டைத் தொடக் கூடாது, ஜன்னல் வழியாக உள்ளே பார்ப்பதும் அவசியமில்லை என்று நிபந்தனை. தெய்வம்மா ஐந்து மாத வயிற்றோடு சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். தாழ்வாரம் மூன்றடி அகலம். அவள் சுவரோரம் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அறையை, தோட்டத்துப் பேச்சில் காம்பராவை, நினைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தச் சின்ன எழுத்து எல்லப்பனுக்குப் பொண்டாட்டி இருக்காளா?" என்று கேட்டாள்.

"இருக்காளாம். தெய்வம்மான்னு பேராம்."

"நல்லதாப் போச்சு. அவளும் வந்திடாம இருக்கணும். ஒரே காம்பராவுல ரெண்டு பேர் சமைக்க முடியாது."

எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அக்கரையில் இருக்கும்போது நீ இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்த பிறகு சிலோன்காரன் என்கிறார்கள். இரண்டு ஊரிலும் தான் இல்லாத இன்னொருவனாகவே இருந்து அவனுக்குப் பழக்கம்தான். ஆனாலும் வராத எல்லப்பன் மேல் அவனுக்குக் கோபம் வரத் தொடங்கியது. வீட்டையும் ஒதுக்க வைத்துவிட்டு, வந்தும் தொலைக்காமல் அப்படி என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று ஒருநாள் தேயிலைச் செடியிடம் கேட்டான்.

வேலாமணி மட்டும் விடவில்லை. வாரம் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள், ஒரு வரிக்கு அனுமதி வேண்டும் என்று. தொகுப்பு வெளிநாட்டுக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது, அன்பளிப்பைத் திருத்துவது பண்பல்ல என்று முதல் குறிப்புக்குப் பதில் வந்தது. தொகுப்பைத் தொட வேண்டியதில்லை, அந்த வரி நடுவில்தான் இருக்கும் என்று எழுதினாள். நடு என்பது எந்தப் பிரிவின் பொறுப்பில் வருகிறது என்று கேட்டு அடுத்த பதில் வந்தது. நடுவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று தெரிந்ததும், பெரிய எழுத்துப் பிரிவு, சின்ன எழுத்துப் பிரிவு என்று இரண்டு பிரிவுகளும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழுவும் உண்டாயின. பெரிய எழுத்துப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் கிடைத்தார், சின்ன எழுத்துப் பிரிவுக்கு உதவியாளர்தான் கிடைத்தார். எழுத்துக்கேற்ற பதவி என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

குழு பங்குனியில் கூடி, இரண்டு எல்லப்பன்களையும் ஒரே நாளில் நேரில் வரச் சொன்னது. எல்லப்பன் போனான். மற்றவர் எங்கே என்று கேட்டார்கள். நான்தான் என்றான். அதை உங்கள் முறை வரும்போது சொல்லுங்கள் என்றார்கள். அழைக்கப்பட்ட இருவரில் ஒருவர் ஆஜர், மற்றவர் வராததால் விசாரணை ஒத்திவைப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சித்திரையிலும் அப்படியே நடந்தது. வைகாசியில் வராத எல்லப்பனுக்குக் கடுமையாக ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். அது பதினாலாம் நம்பர் வீட்டு விலாசத்துக்குப் போனதால் எல்லப்பனே வாங்கிக்கொண்டான்.

ஆனி பிறந்து மழை வலுத்தது. சாரல் தாழ்வாரத்துக்குள் சாய்வாக அடித்தது. மாதம் நிறைந்துவிட்ட தெய்வம்மா பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். பதினைந்தாம் நம்பர் வீட்டைக் காவல் காக்கிற ராக்கம்மா கைராசிக்காரி, தோட்டத்தில் முப்பது பிரசவம் பார்த்தவள். நாள் நெருங்கிவிட்டது, ஈரத்தில் பெற்றால் பிள்ளை தங்காது என்று எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் மழையில் நனைந்து குன்னூருக்கு ஓடினான். ஒரு பத்து நாளைக்கு மட்டும் உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சினான். லிங்கசாமிக்கு மனசு கேட்கவில்லை, டீ வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் உரியவர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டை எப்படித் திறப்பது, நாளைக்கு அவர் வந்து கேட்டால் நீதானே பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அந்த வாரமே ஒரு தந்தி வந்தது. தொகுப்பை அன்பளித்த வெளிநாட்டுக்காரர்கள் இருவர், அதனால் குடியேறிய குடும்பங்களைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். ஆறு மாதமாகக் கிடைக்காத அனுமதி பத்து நிமிஷத்தில் கிடைத்தது. வேலாமணி அந்த ஒரு வரியை எழுதினாள். கணிப்பொறி யோசித்துப் பார்த்து, நூற்றெண்பத்திரண்டு குடும்பங்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தாளைத் துப்பியது. ஆபீசே கைதட்டியது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வந்து சேர்ந்தவர்களை முறைப்படி வரவேற்க வேண்டும், அதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது, இறங்கிய இடம் மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் நாலு பஸ் வந்து காவலாட்களை ஏற்றிக்கொண்டு, அவர்கள் வந்து சேர்வதற்காக, மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பியது. எல்லப்பன் போக மாட்டேன் என்றான். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர் கையில்தான் சாவியைக் கொடுப்பார்கள் என்று சொன்னதும் ஏறினான். தெய்வம்மா ஏறவில்லை.

"நான் ஒருவாட்டி வந்தது போதும். இனி வர்றதா இல்ல" என்று சொல்லிவிட்டாள். கணவன் இருவருக்குமாகச் சேர்த்து வரலாம் என்று லிங்கசாமி சலுகை காட்டினார்.

பஸ் பர்லியாறு இறங்கும்போதே மேலே தெய்வம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. அது எல்லப்பனுக்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் வரிசையாக இறக்கி, எண்ணி, மறுபடியும் ஏற்றினார்கள். எஸ்டேட் வாசலில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, வருக வருக என்று துணி கட்டியிருந்தார்கள். இறங்கிய ஒவ்வொருவர் கழுத்திலும் லிங்கசாமி மாலை போட்டு, "தாயகம் உங்களை வரவேற்கிறது" என்றார். நிஜமாக வந்த அன்றைக்கு எல்லப்பனை யாரும் வா என்றுகூடச் சொல்லவில்லை, நகரு நகரு என்றுதான் சொன்னார்கள். இது முழுப் பொய் என்று தெரிந்தும் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணீர் வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டான்.

விருந்தாளிகள் ஒரு வீட்டைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டார்கள். குடும்பம் சின்னது, வீடு சுத்தமாக இருக்கும் என்று பதினாலாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். லிங்கசாமி சாவியை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பக்கத்திலேயே நோட்டுப் புத்தகத்தோடு வேலாமணி. போய்ப் பார்த்தால் பூட்டு நசுங்கித் தரையில் கிடந்தது, அதன் பக்கத்தில் ராக்கம்மாவின் அம்மிக்குழவி கிடந்தது. ராக்கம்மா ஈரக்கையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். எல்லப்பனைக் கண்டதும், பெண் பிள்ளை என்று காதோடு சொல்லி, தெய்வம்மா வைத்த பேரையும் சொன்னாள். பக்கத்தில் நின்ற வேலாமணிக்கும் அது கேட்டது.

லிங்கசாமிக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் இருபத்தாறு வருஷ சர்வீஸ் சும்மாவா? பூட்டை எடுத்து நிமிர்த்தி நாதாங்கியில் தொங்கவிட்டு, எல்லப்பனிடம் சாவியைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார். எல்லப்பன் திறந்திருந்த கதவைத் திறந்தான். போட்டோ எடுத்தார்கள். உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனையில், பாய் மேல் தெய்வம்மா சோர்ந்து படுத்திருந்தாள். அவள் பக்கத்திலிருந்து வீல் என்று ஒரு குரல் கிளம்பியது.

"இது யாரு?" என்று கேட்டார் லிங்கசாமி.

"எம் பொண்ணுங்கய்யா."

லிங்கசாமி வேலாமணியின் நோட்டைப் பார்த்தார், தாளைப் புரட்டினார். வீட்டில் இருப்பவர் இரண்டு என்றுதான் இருந்தது. மூன்றாவது ஆள் கப்பலில் ஏறியதாகவும் இல்லை, ராமேசுவரத்தில் இறங்கியதாகவும் இல்லை, காலையில் போன பஸ்ஸிலும் இல்லை. எங்கிருந்தும் வராமல் ஒருத்தி வந்திருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் விருந்தாளிகள் சிரித்துக்கொண்டு நின்றதால் அவரும் பெருந்தன்மையோடு சிரித்தார்.

"பேரச் சொல்லுப்பா, இப்பவே ஏத்திரலாம்" என்றார். "முன்ன மாதிரி சிக்கல் வந்துறக் கூடாது பாரு. அதனால பெரிய எழுத்துல ஒண்ணு, சின்ன எழுத்துல ஒண்ணு, ரெண்டு பெட்டியாவே தொறந்து வெச்சுரலாம். எது வந்தாலும் ஒண்ணு கையில இருக்கும்."

வேலாமணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லப்பனைப் பார்த்தாள். தெய்வம்மாவும் பாயில் இருந்தபடியே அவனைப் பார்த்தாள். எல்லப்பன் கழுத்து மாலையைக் கழற்றி, ஓரமாகத் தரையில் வைத்தான்.

"இன்னும் பேரு வைக்கலைங்கய்யா" என்றான்.

பேர் இல்லாவிட்டால் ஏற்ற முடியாதே, ஏற்றாவிட்டால் பிள்ளை பிறந்ததாகவே ஆகாதே என்று லிங்கசாமி கவலைப்பட்டார். எல்லப்பன் பணிவாகத் தலையை ஆட்டினான். வேலாமணி ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினாள், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று சாருக்கு நினைவுபடுத்தி நடக்க வைத்தாள். கூட்டம் படியிறங்கிப் போயிற்று. எல்லப்பன் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டான். அது சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கார்கள் கிளம்பிய சத்தம் ஓய்ந்து வெறும் மழைச் சத்தம் மட்டும் ஆன பிறகு, பாய் ஓரத்தில் உட்கார்ந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.